அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் எழும்பவில்லையா? ஃபார்மட் செய்யும் முன் ஒவ்வொரு படியாகப் பாருங்கள்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கோயில் பொருளாளர் அண்ணன். “தம்பி, திரை கறுப்பா ஆயிடுச்சி. வெள்ளை எழுத்து ஓடி ஓடி அப்படியே நின்னுடுச்சி. திருவிழாக் கணக்கு முழுசும் இதுலதான் இருக்கு.” அவர் பேசும்போதே தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தம் கேட்டது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. மத்தியானம் செம்பனை மட்டை கருகுகிற மாதிரி வெயில், சாயங்காலம் இடியும் மழையும், நடுவில் கரண்ட் போய்விடும். அன்றைக்கு அது அப்டேட் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் போய்விட்டது. பழைய மடிக்கணினி, பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகிறது. வயரில் கரண்ட் நின்ற அதே நொடியில் கணினியும் நின்றுவிட்டது.

“காலையில கடையில கொடுத்து ஃபார்மட் பண்ணச் சொல்லிடவா?” என்று கேட்டார். வேண்டாம் அண்ணே, ஒரு அரை மணி நேரம் என்னோடு போனில் இருங்கள் என்றேன். நாற்பது நிமிடத்தில் அவருடைய கணக்கு ஏடு திரையில் திறந்தது. நான் வீட்டைவிட்டு நகரவே இல்லை.

நான் இவ்வளவு பிடிவாதமாக வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஓர் அக்காவின் கணினி இதே மாதிரி நின்றது. ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் கேட்காமல் கொள்ளாமல் டிஸ்க்கை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இறந்துபோன கணவரின் கடைசி இரண்டு வருடப் படங்கள் அதில்தான் இருந்தன. அந்தக் கணினியை நான் பிறகு பார்த்தேன். அழிக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது என்று இன்றைக்கும் நம்புகிறேன். லினக்ஸ் அப்டேட்டில் கெட்டுப்போவது பெரும்பாலும் எழும்பும் வழிதான். உங்கள் ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றதிலிருந்து, பழைய கணினிகளில் மின்ட், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளைப் போட்டுக்கொண்டவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சொல்லும் முறைகள் உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கட்டளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. போனில் எப்படிச் சொல்வேனோ அப்படியே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் சிறிய ஆங்கில எழுத்து. கோடு, சாய்வுக்கோடு, இடைவெளி மூன்றையும் நான் போட்டிருக்கிற இடத்தில் அப்படியே போடுங்கள். ஓர் இடைவெளி விட்டுப்போனாலும் கட்டளை ஓடாது. எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டிய பெயர்களைப் பக்கத்திலேயே பிரித்துச் சொல்கிறேன்.

கைவைக்கும் முன்

பத்து நிமிடம் காத்திருங்கள். திடீரென்று அணைந்த கணினி, அடுத்த முறை எழும்பும்போது டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டிருக்கலாம். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அப்போது அணைத்தால் சின்னக் கோளாறைப் பெரிதாக்கிவிடுவோம். விளக்கும் அசையவில்லை, திரையும் அசையவில்லை என்றால் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி பத்து வரி மிக முக்கியம். அப்புறம் பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்தி அணையுங்கள். பென்டிரைவ், வெளி டிஸ்க், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சார்ஜர் செருகியிருக்கட்டும். மழை நிற்கும்வரை பொறுக்க முடியுமானால் பொறுங்கள்.

எந்த இடத்தில் நின்றது?

இதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கணினி எழும்புவது ஒரு கை இன்னொரு கைக்குக் கொடுப்பது மாதிரி நடக்கிறது. பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் முதலில் விழிக்கும். புதிய கணினிகளில் அதன் பெயர் யூஇஎஃப்ஐ. டெல், ஏசர் என்ற சின்னம் தெரிவது அப்போதுதான். அது க்ரப் என்ற சின்ன நிரலைக் கூப்பிடும். க்ரப் இரண்டு ஃபைல்களை நினைவகத்தில் ஏற்றும்: ஒன்று லினக்ஸின் மைய நிரலான கெர்னல், இன்னொன்று இனிட்ராம்எஃப்எஸ். இரண்டாவது, கெர்னலுக்கு டிஸ்க்கைத் திறக்கத் தேவையான சாமான்களைக் கட்டிக்கொடுக்கும் தற்காலிக மூட்டை. டிஸ்க் திறந்ததும் சிஸ்டம்டி வந்து மற்ற சேவைகளை எழுப்பும். கடைசியில் பாஸ்வேர்டு கேட்கும் திரை.

அப்டேட் பெரும்பாலும் கெர்னலையும் அந்த மூட்டையையும் புதிதாக்குகிறது. எனவே கோளாறும் அதிகமாக அங்கேதான் வருகிறது. ஆனால் புதிய கெர்னல் அப்டேட் முடிந்த உடனே வேலைக்கு வருவதில்லை, அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் வரும். செவ்வாய்க்கிழமை அப்டேட் செய்து, வெள்ளிக்கிழமைதான் அணைத்துப் போட்டீர்கள் என்றால் வெள்ளிக்கிழமைதான் தெரியும். “நான் ஒண்ணுமே செய்யலையே” என்று பலர் சொல்வது இதனால்தான். உபுண்டு பாதுகாப்பு அப்டேட்டுகளைப் பின்னணியில் தானாகவே போட்டுக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சின்னம் தெரிந்து, “பூட் டிவைஸ் இல்லை” என்று வந்தாலோ நேராக விண்டோஸுக்குப் போனாலோ கோளாறு க்ரப்புக்கு முன்னால். க்ரப் என்ற வார்த்தையும் பக்கத்தில் ஒரு முனைக்குறியும் மட்டும் நின்றால் க்ரப்பிலேயே. எழுத்து ஓடி “கெர்னல் பேனிக்” என்று நின்றால் கெர்னலும் மூட்டையும் சேரவில்லை. அடைப்புக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று நின்றால் டிஸ்க் திறக்கவில்லை. “எமர்ஜென்சி மோட்” என்றால் டிஸ்க் திறந்துவிட்டது, சேவை ஒன்று தடுக்கிறது. எல்லாம் ஓடி வெறும் கறுப்புத் திரை என்றால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர்.

எது வந்தாலும் முதல் மருந்து ஒன்றுதான்.

முதல் மருந்து: பழைய கெர்னல்

புதிய கெர்னல் வரும்போது பழையதை உடனே அழிப்பதில்லை. குறைந்தது ஒன்றாவது பக்கத்தில் இருக்கும். அதில் நுழைந்துவிட்டால் வழக்கமான திரையில் உட்கார்ந்து நிதானமாகச் சரி செய்யலாம்.

க்ரப் பட்டியல் பெரும்பாலும் தானாகத் தெரிவதில்லை, கூப்பிட வேண்டும். யூஇஎஃப்ஐ கணினி என்றால் சின்னம் மறைகிற சமயத்தில் எஸ்கேப் விசையை ஒரே ஒரு முறை தட்டுங்கள். பழைய பயாஸ் என்றால் பொத்தானை அழுத்தியதிலிருந்து ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்கேப்பைப் படபடவென்று பல முறை தட்டினால் பட்டியலைத் தாண்டி க்ரப்பின் கறுப்புத் திரைக்குப் போய்விடும். பொருளாளர் அண்ணன் இரண்டு முறை அங்கேதான் போய் நின்றார். பயப்பட ஒன்றுமில்லை; “ரீபூட்” என்று தட்டி என்டர் அழுத்திவிட்டு மறுபடி முயலுங்கள்.

பட்டியல் வந்ததும் இரண்டாவது வரி “அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்”. அதற்குள் போனால் கெர்னல்கள் எண்ணோடு வரிசையாக இருக்கும்: 6.8.0-45-ஜெனரிக் என்கிற மாதிரி. மேலே இருப்பது புதியது. ஒவ்வொன்றுக்கும் கீழே “ரெக்கவரி மோட்” என்ற துணை வரியும் இருக்கும். முதலில் இரண்டாவது எண்ணுள்ள கெர்னலின் சாதாரண வரியைத் தேர்ந்தெடுத்து என்டர் அழுத்துங்கள்.

எழும்பிவிட்டதா? நல்லது. வேறு எதையும் தொடும் முன் முக்கியமான ஃபோல்டர்களை வெளி டிஸ்க்குக்கோ பென்டிரைவுக்கோ நகல் எடுங்கள். இருபது முப்பது வெள்ளி (ரிங்கிட்) பென்டிரைவ் போதும். அதற்குப் பிறகு கட்டளை தட்டும் நிரலான டெர்மினலைத் திறந்து எந்தக் கெர்னலில் இருக்கிறோம் என்று பாருங்கள்.

`யூநேம் -ஆர்`

யூ, என், ஏ, எம், இ என்று எழுத்தெழுத்தாக. வருகிற எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நம்பி நுழையக்கூடிய கெர்னல் இது.

பழைய கெர்னலும் எழும்பவில்லை என்றால் அதே பட்டியலில் அதன் ரெக்கவரி மோடுக்குப் போங்கள். உபுண்டுவிலும் மின்ட்டிலும் நீலமும் சாம்பலுமாக ஒரு சின்னப் பட்டியல் வரும். அதில் “எஃப்எஸ்சிகே” டிஸ்க்கைச் சோதிக்கும், “டிபிகேஜி” பாதியில் நின்ற பேக்கேஜ்களை (நிரல் பொட்டலங்களை) சரி செய்யும், “நெட்வொர்க்” இணையத்தைத் திறக்கும், “ரூட்” கட்டளைத் திரையைக் கொடுக்கும். நான் வழக்கமாகப் போகும் வரிசை இது: முதலில் டிஸ்க், பிறகு நெட்வொர்க், பிறகு டிபிகேஜி, கடைசியில் ரூட். நேராக ரூட்டுக்குப் போனால் டிஸ்க் படிக்க மட்டும் திறந்திருக்கும், எழுத முடியாது. அப்போது இதைத் தட்டுங்கள்:

`மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /`

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு மொழிக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இது இருக்காது. அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து தெரியாது. லினக்ஸின் எழுத்துத் திரையில் ஒரே சமயத்தில் 512 எழுத்துருவங்களுக்கு மேல் ஏற்ற முடியாது. கொம்பும் காலும் சேர்த்துத் தமிழை அமைக்கவும் அதற்குத் தெரியாது. “நன்கொடை 2024” என்று நீங்கள் பெயர் வைத்த ஃபோல்டர் அங்கே கட்டம் கட்டமாகவும் அதன் பக்கத்தில் 2024 என்றும் தெரியும். பொருளாளர் அண்ணன் அதைப் பார்த்ததும் “ஐயோ, எல்லாம் கெட்டுப்போச்சி தம்பி” என்றார். ஒன்றும் கெடவில்லை. பெயர் டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது, திரைக்குத்தான் காட்டத் தெரியவில்லை. அந்தக் கட்டங்களைப் பார்த்துப் பெயரை மாற்றவோ அழிக்கவோ போய்விடாதீர்கள். நகல் எடுக்க வேண்டுமானால் அதற்கு மேலே இருக்கிற ஃபோல்டரை முழுதாக எடுங்கள்.

பாதியில் நின்ற அப்டேட்டை முடித்து வைப்பது

கரண்ட் போய் நின்ற கணினிகளில் பத்துக்கு எட்டு இந்த இடத்திலேயே குணமாகிவிடும் என்பது என் அனுபவம். அப்டேட் என்பது பேக்கேஜ்களை இறக்குவது, பிரிப்பது, பொருத்துவது என மூன்று கட்டம். பிரித்து, பொருத்தாமல் நின்றவற்றைப் பொருத்தச் சொல்ல வேண்டும்.

`சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ`

சூடோ (எஸ், யூ, டி, ஓ) என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று அர்த்தம். அடுத்தது டி, பி, கே, ஜி என்று எழுத்தெழுத்தாக. கான்ஃபிகருக்கு முன்னால் இரண்டு கோடு, ஏ-வுக்கு முன்னால் ஒரு கோடு. ரெக்கவரியின் ரூட் திரையில் இருந்தால் சூடோ தேவையில்லை. இது ஓடும்போது “செட்டிங் அப்” என்று தொடங்கும் வரிகள் ஒவ்வொன்றாக வரும். அண்ணன் ஒவ்வொரு வரியையும் எனக்குச் சத்தமாக வாசித்தார். “லினக்ஸ்-இமேஜ்” என்ற வரி வந்ததும் எனக்கு மூச்சு வந்தது, அங்கேதான் அறுந்திருந்தது. முடிந்ததும்:

`சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்`

`சூடோ ஆப்ட் அப்டேட்`

`சூடோ ஆப்ட் அப்கிரேட்`

“லாக் கிடைக்கவில்லை” என்று பிழை வந்தால் பின்னணியில் வேறு அப்டேட் ஓடுகிறது என்று பொருள். அந்த லாக் ஃபைலை அழிக்கச் சொல்லிப் பலர் ஆலோசனை கொடுப்பார்கள். கேட்காதீர்கள். கால் மணி நேரம் பொறுங்கள், அதுவாக விடும்.

இடம் இல்லை என்று பிழை வந்தால் டிஸ்க் நிரம்பியிருக்கிறது.

`டிஎஃப் -ஹெச்`

டி, எஃப், இடைவெளி, கோடு, ஹெச். பட்டியலில் “/பூட்” என்று தனி வரி இருந்து அதில் 100% என்று தெரிந்தால் விஷயம் விளங்கிவிட்டது. டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி நிறுவியவர்களுக்கு இந்தத் தனிப் பகுதி இருக்கும். பழைய நிறுவல்களில் அது சில நூறு எம்பிதான். ஒவ்வொரு கெர்னலும் மூட்டையும் சேர்ந்து அதில் நல்ல இடம் பிடிக்கும். பழையவற்றை நீக்க:

`சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்`

நீங்கள் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கும் கெர்னலை இது தொடாது. பூட் ஃபோல்டருக்குள் நேராகப் போய்க் கையால் அழிக்கும் பழக்கம் வேண்டாம். அழித்தது எது என்று பேக்கேஜ் நிரலுக்குத் தெரியாமல் போனால் அடுத்த அப்டேட்டில் மறுபடி தடுமாறும்.

கெர்னல் பேனிக்

“விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்” என்று வந்தால் புதிய கெர்னலுக்கு மூட்டை கட்டப்படவில்லை. பழைய கெர்னலில் நுழைந்து, எழும்பாத கெர்னலின் எண்ணைக் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள்:

`சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே 6.8.0-45-ஜெனரிக்`

`சூடோ அப்டேட்-க்ரப்`

எண் உங்களுடையதாக இருக்க வேண்டும். பிழை இல்லாமல் முடிந்தால் ரீஸ்டார்ட்.

கறுப்புத் திரை

என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். என்விடியாவின் டிரைவர் ஒவ்வொரு கெர்னலுக்கும் பொருந்துகிற மாதிரி இருக்க வேண்டும். புதிய கெர்னல் வந்து, அதற்கான டிரைவர் சேரவில்லை என்றால் திரை வராது.

க்ரப் பட்டியலில் முதல் வரியில் நின்று “இ” விசையைத் தட்டுங்கள். வருகிற எழுத்துகளில் “லினக்ஸ்” என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் “கொயட் ஸ்பிளாஷ்” என்று இருக்கும். அந்த இரண்டு வார்த்தையையும் எடுத்துவிட்டு “நோமோட்செட்” என்று (நோ, மோட், செட் மூன்றும் இடைவெளி இல்லாமல்) ஒரே வார்த்தையாகச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் இந்த ஒரு முறைக்கு மட்டும்தான், எதையும் நிரந்தரமாகக் கெடுக்காது. திரை மங்கலாக, பெரிய எழுத்தோடு வந்தால் குற்றவாளி டிரைவர்தான் என்று முடிவு செய்யலாம். உபுண்டுவில் `சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்`. மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று குறிப்பிட்டதைத் தேர்ந்தெடுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கையெழுத்திட்ட நிரல்களை மட்டும் எழும்பவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இந்த மாதிரி டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை ஒன்று வந்து பத்து நொடி காத்திருக்கும்: “பெர்ஃபார்ம் மோக் மேனேஜ்மென்ட்”. அதைப் பார்த்து வைரஸ் என்று பயந்து “கன்டினியூ பூட்” அழுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் டிரைவரின் கையெழுத்து பதிவாகாது, அது ஏறவும் ஏறாது. ஒரு விசையைத் தட்டி, “என்ரோல் மோக்”, “கன்டினியூ”, “யெஸ்” என்று போய் நீங்கள் வைத்த பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

இனிட்ராம்எஃப்எஸ் என்று மட்டும் நின்றால்

மேலே உள்ள வரிகளை வாசியுங்கள். “மேனுவல் எஃப்எஸ்சிகே” தேவை என்று சொல்லி டிஸ்க் பகுதியின் பெயரையும் அதுவே கொடுத்திருக்கும். அதை அப்படியே போடுங்கள்:

`எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2`

முடிந்ததும் “எக்ஸிட்”. கரண்ட் போய் வந்த கணினியில் இது ஒரு முறை வந்தால் கவலையில்லை. மாதம் ஒரு முறை வருகிறது என்றால் டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கிறது. எழும்பியதும் “டிஸ்க்ஸ்” என்ற நிரலில் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் தகவலைப் பாருங்கள், அன்றைக்கே நகல் எடுங்கள். “யூயூஐடி (டிஸ்க் பகுதியின் அடையாள எண்) இல்லை” என்று வேறு விதமாகச் சொன்னால் டிஸ்க்கையே அதற்குத் தெரியவில்லை. பழைய கெர்னலில் தெரிகிறதா, பயாஸில் தெரிகிறதா என்று பாருங்கள். பயாஸிலும் தெரியவில்லை என்றால் இது அப்டேட்டின் வேலை இல்லை. டிஸ்க்கோ அதன் இணைப்போ போய்விட்டது.

எமர்ஜென்சி மோட்

“எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்” என்று ஒன்றரை நிமிடம் எண்ணிவிட்டு இங்கே வந்து நின்றால் எஃப்எஸ்டேப் ஃபைலைச் சந்தேகியுங்கள். எந்த டிஸ்க்கை எங்கே பொருத்துவது என்ற பட்டியல் அது. தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் தன் வெளி டிஸ்க்கைத் தானாகத் திறக்கும்படி அதில் எழுதி வைத்திருந்தார். டிஸ்க்கைக் கழற்றி மகள் எடுத்துப்போய்விட்டாள். மூன்று வாரமாக ரீஸ்டார்ட் செய்யவில்லை; அப்டேட் வந்து ரீஸ்டார்ட் கேட்ட அன்றைக்குக் கணினி இல்லாத டிஸ்க்கைத் தேடிக்கொண்டு நின்றது. அப்டேட்டின் மேல் பழி விழுந்தது. எமர்ஜென்சி திரையில் என்டர் அழுத்தி, மேலே சொன்ன ரீமவுன்ட் கட்டளையைக் கொடுத்து:

`நானோ /ஈடிசி/எஃப்எஸ்டேப்`

அந்த டிஸ்க்கின் வரி முன்னால் # குறி போட்டு, சேமிக்க கன்ட்ரோலோடு ஓ, என்டர்; வெளியேற கன்ட்ரோலோடு எக்ஸ். பிறகு அதே வரியில் “நோஃபெயில்” என்று சேர்த்து # குறியை எடுத்துவிட்டால் டிஸ்க் இல்லாவிட்டாலும் கணினி எழும்பும்.

பாஸ்வேர்டு போட்டால் அதே திரை திரும்ப வருகிறதா?

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே உங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பியிருந்தால் `சூடோ ஆப்ட் கிளீன்`. அநேகமாக அது போதும்.

விண்டோஸும் கூட இருந்தால்

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நேராக விண்டோஸே எழும்பினால் பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் உபுண்டு என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். மின்ட்டும் அங்கே உபுண்டு என்றே இருக்கும்.

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்று இரண்டும் சேர்ந்திருந்த கணினிகள் பலவற்றில் லினக்ஸை எழும்பவிடாமல் செய்தது. “வெரிஃபையிங் ஷிம் எஸ்பேட் டேட்டா ஃபெயில்டு” என்ற வரி வந்தால் அந்தக் கோளாறுதான். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸில் நுழைந்து `சூடோ மோக்யூடில் --செட்-எஸ்பேட்-பாலிசி டெலீட்` (மோக்யூடில்: எம், ஓ, கே, யூ, டி, ஐ, எல்; எஸ்பேட்: எஸ், பி, ஏ, டி) என்று கொடுத்து, ஒரு முறை மறுபடி லினக்ஸுக்கே ரீஸ்டார்ட் செய்து, லினக்ஸை முழுதாக அப்டேட் செய்துவிட்டு செக்யூர் பூட்டைத் திரும்பப் போடுங்கள். விண்டோஸ் பக்கம் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்பு எண் கையில் இல்லாமல் செக்யூர் பூட்டைத் தொடாதீர்கள்.

எதுவும் நடக்கவில்லை என்றால்: லைவ் யூஎஸ்பி

லைவ் யூஎஸ்பி என்பது டிஸ்க்கில் நிறுவாமலே லினக்ஸை எழுப்பும் பென்டிரைவ். அதற்கு வேண்டியது எட்டு ஜிபி பென்டிரைவ் ஒன்று, வேலை செய்கிற வேறொரு கணினி ஒன்று. மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, விண்டோஸில் ரூஃபஸ் வைத்தோ பலேனா எட்சர் வைத்தோ பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும். அதைச் செருகி, கணினி எழும்பும்போது பூட் பட்டியலைக் கூப்பிடுங்கள்: டெல், திங்க்பேட், ஏசர் என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9, ஆசுஸ் என்றால் எஸ்கேப். மின்ட் எழும்பி நிற்கும். “இன்ஸ்டால்” என்ற படத்தைத் தொடாதீர்கள்.

முதல் வேலை நகல். ஃபைல் மேனேஜரில் உள் டிஸ்க்கைச் சொடுக்குங்கள், ஹோம் ஃபோல்டருக்குள் உங்கள் பெயர் இருக்கும். பூட்டுக் குறி போட்டு உள்ளே விடவில்லை என்றால் மவுஸின் வலப் பொத்தானால் சொடுக்கி “ஓப்பன் ஆஸ் ரூட்”. முழு ஹோமையும் வெளி டிஸ்க்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காகத் தெரியும். இது முடிந்த பிறகு எந்தத் தவறு நடந்தாலும் இழப்பு இல்லை. அந்த அக்காவுக்கு யாராவது இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்துகொடுத்திருந்தால் போதுமாக இருந்தது.

அடுத்து சுலபமான வழி: மின்ட் லைவில் மெனுவில் நிர்வாகப் பகுதியில் “பூட் ரிப்பேர்” இருக்கிறது. இணையத்தோடு இணைத்து, பரிந்துரைக்கும் பழுதுபார்ப்பைச் சொடுக்குங்கள். க்ரப் கெட்டிருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் கையால் உள்ளே நுழைய வேண்டும். `எல்எஸ்பிஎல்கே -எஃப்` கொடுத்தால் பகுதிகள் தெரியும். எக்ஸ்ட்4 என்பது உங்கள் லினக்ஸ், விஃபேட் என்பது யூஇஎஃப்ஐ பகுதி. கீழே அவை எஸ்டிஏ2, எஸ்டிஏ1 என்று வைத்துக்கொள்கிறேன். புதிய எஸ்எஸ்டியில் என்விஎம்இ என்று தொடங்கும் நீண்ட பெயர் இருக்கும்.

`சூடோ மவுன்ட் /டெவ்/எஸ்டிஏ2 /எம்என்டி`

`சூடோ மவுன்ட் /டெவ்/எஸ்டிஏ1 /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ`

`சூடோ மவுன்ட் --ஆர்பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்`

மூன்றாவது வரியையே டெவ்வுக்குப் பதில் ப்ராக் (பி, ஆர், ஓ, சி), சிஸ் (எஸ், ஒய், எஸ்), ரன் என்று மாற்றி இன்னும் மூன்று முறை கொடுங்கள். பிறகு:

`சூடோ சிஹெச்ரூட் /எம்என்டி`

இப்போது நீங்கள் எழும்பாத அந்த லினக்ஸுக்குள்ளேயே நிற்கிறீர்கள். பாதியில் நின்ற அப்டேட்டை முடிக்கும் கட்டளைகளை சூடோ இல்லாமல் கொடுங்கள். அதற்குப் பின்:

`அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்`

`க்ரப்-இன்ஸ்டால்`

`அப்டேட்-க்ரப்`

பழைய பயாஸ் கணினியாக இருந்தால் இரண்டாவது மவுன்ட் தேவையில்லை, ஆனால் க்ரப்-இன்ஸ்டாலுக்குப் பின்னால் எண் இல்லாமல் டிஸ்க்கின் பெயர் வேண்டும்: /டெவ்/எஸ்டிஏ. “எக்ஸிட்” கொடுத்து வெளியே வந்து ரீஸ்டார்ட் செய்து பென்டிரைவைக் கழற்றுங்கள்.

எழும்பிய பிறகு, அன்றைக்கே

என்ன நடந்தது என்று பாருங்கள். `/வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்` என்ற ஃபைலில் எந்தத் தேதியில் எந்தப் பேக்கேஜ் மாறியது என்று வரிசையாக இருக்கும்.

டைம்ஷிஃப்ட்டைப் போட்டு வையுங்கள். மின்ட்டில் ஏற்கெனவே இருக்கிறது, உபுண்டுவில் நிறுவிக்கொள்ளலாம். அப்டேட்டுக்கு முன் அதில் சிஸ்டத்தின் நகல் ஒன்றை எடுத்து வைத்தால் கெட்டுப்போனதும் லைவ் யூஎஸ்பியிலிருந்தே பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது சிஸ்டத்தைத்தான் காக்கும். இயல்பாக ஹோம் ஃபோல்டரைச் சேர்த்துக்கொள்ளாது. படங்களுக்கும் கணக்குக்கும் தனி நகல் வேண்டும்.

க்ரப் பட்டியல் எப்போதும் ஐந்து நொடி தெரியட்டும். `சூடோ நானோ /ஈடிசி/டிஃபால்ட்/க்ரப்` திறந்து, டைம்அவுட்-ஸ்டைல் என்ற வரியில் “ஹிடன்” இருந்தால் “மெனு” என்றும், டைம்அவுட் வரியில் 0 இருந்தால் 5 என்றும் மாற்றி, `சூடோ அப்டேட்-க்ரப்` கொடுங்கள். வயதானவர்களின் கணினியில் நான் முதலில் செய்வது இதுதான். எஸ்கேப்பை எப்போது தட்டுவது என்று போனில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

பேட்டரி செத்த மடிக்கணினிக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள், அல்லது காலையில் மட்டும் அப்டேட் செய்யுங்கள். பொருளாளர் அண்ணன் இரண்டாவது வழியை எடுத்துக்கொண்டார். மூடியின் உள்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறார். அதில் மூன்று வரி: நல்ல கெர்னலின் எண், பூட் பட்டியலுக்கான விசை, “மழை வந்தால் அப்டேட் கிடையாது”.